நாற்பது நிமிட வயிற்று வலி

காவிரிப் பாலம். ஞாயிற்றுக்கிழமை. காலை பத்து ஐம்பத்திரண்டு.

ஆட்டோ ஓடுகிறது. மடியில் என் மகன். எட்டு வயது. அவன் இடுப்பைச் சுற்றி என் துண்டு. வெள்ளைத் துண்டு. மாம்பழச்சாலை வரைக்கும் வெள்ளையாகத்தான் இருந்தது.

பக்கத்து ரயில் பாலத்தில் ஒரு வண்டி போகிறது. தடதட. தடதட. தடதட. நான் பெட்டிகளை எண்ணுகிறேன். பதினெட்டு. எதற்கு எண்ணினேன் என்று கேட்காதீர்கள். பையன் அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது. அவனுக்கும் சேர்த்து நான் அழுதுகொண்டிருந்தேன்.

"சார், கொஞ்சம் நிறுத்துங்க. நான் அடிக்கிற ஹார்ன் எனக்கே கேக்கல!"

பஷீர் பாய். ஆட்டோக்காரர். பாலக்கரை. ஆறு வருடமாக என் கடை ஸ்பீக்கர் பெட்டிகளை ஏற்றி இறக்குபவர். அன்றைக்குப் பெட்டியை இறக்கிப் போட்டுவிட்டு எங்களை ஏற்றினார்.

என்னைப் பற்றி இரண்டு வரி. ஸ்ரீரங்கத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். மைக், ஆம்ப்ளிஃபயர், கூம்பு ஸ்பீக்கர். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம். திருவிழா நெரிசலில் தொலைந்துபோன குழந்தை, செருப்பு, மாமியார் எல்லாவற்றையும் அறிவிப்பது நானே. அப்போது வயது நாற்பத்தாறு. மைக் கையில் இருந்தால் எனக்குக் கூச்சம் கிடையாது. பந்தியில் பாதி இலையில் இருப்பவர்களையும் எழுந்து நின்று சிரிக்க வைத்திருக்கிறேன். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அன்றைக்கு எனக்கு நடந்ததைப் போர் என்று சொல்லலாமா, தெரியவில்லை. குண்டு விழவில்லை. ஊர் காலியாகவில்லை. ஓடியது நான் ஒருவன். ஆனால் எனக்கு வாய்த்த போர் இதுதான். அதில் எதிரிக்குக் கதவைத் திறந்துவிட்டவனும் நான். ஆகவே சாட்சியும் நானே சொல்ல வேண்டியிருக்கிறது.

பத்து முப்பத்தாறு. எங்கள் தெரு. பையன் சைக்கிளில் வட்டமடிக்கிறான்.

சைக்கிளின் இடது கைப்பிடியில் ரப்பர் உறை இல்லை. கழன்று விழுந்து மூன்று வாரம். வெறும் இரும்புக் குழாய். வட்டமான, கூரான விளிம்பு. என் மனைவி சுமதி முதல் வாரமே சொன்னாள்.

"ஏங்க, அந்த ரப்பரை வாங்கி மாட்டுங்க. குத்திடப் போவுது."

"வெயில் காலம். சைக்கிளும் சட்டை இல்லாம இருக்கட்டுமே," என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாம் வாரமும் சொன்னாள். மூன்றாம் வாரம் நான் வேலையில் இறங்கினேன். கறுப்பு டேப். எங்கள் தொழிலில் எல்லா வியாதிக்கும் கறுப்பு டேப்தான் மருந்து. ஒயர் கிழிந்தால் டேப். மைக் ஸ்டாண்டு ஆடினால் டேப். குழாய் முனையில் நாலு சுற்றுச் சுற்றினேன். கடையில் போய் ரப்பர் வாங்கப் பத்து நிமிடம் ஆகும். டேப்புக்கு அரை நிமிடம். வெயிலில் பசை இளகியது. சனிக்கிழமையே டேப் உரிந்து தொங்கியது. பார்த்தேன். நாளைக்குச் சுற்றிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

நாளை வந்துவிட்டது.

சாக்கடை மூடியின் இடுக்கில் முன்சக்கரம் மாட்டியது. கடக். ஹேண்டில்பார் பக்கவாட்டில் திரும்பியது. பையன் சீட்டிலிருந்து முன்னால் சரிந்தான். இரும்பு சிமெண்டில் மோதியது. ணங். பிறகு ஒன்றுமில்லை. இரண்டு விநாடி ஒன்றுமே இல்லை. மைக் செத்துப்போனால் கூட்டத்தில் அப்படி ஒரு அமைதி வரும். மூன்றாவது விநாடி கத்தினான்.

நான் ஓடினேன். அவன் டிரவுசர் கிழிந்திருந்தது. பார்த்தேன்.

பார்த்ததை முழுதாக எழுத எனக்கு அனுமதி இல்லை. பையனுக்கு இப்போது பதிமூன்று வயது. இதை முதலில் படித்தவன் அவன்தான். மூன்று நிபந்தனை போட்டான். அவன் பெயர் வரக்கூடாது. பள்ளிக்கூடத்தின் பெயர் வரக்கூடாது. தெருவில் அந்த உறுப்புக்குச் சொல்லும் கொச்சைச் சொல் வரக்கூடாது. பெயருக்குப் பதிலாகத் தருண் என்று அவனே ஒன்று வைத்துக்கொண்டான். அந்தச் சொல் வந்த இரண்டு இடங்களைப் பேனாவால் அடித்தான். ஆகவே இவ்வளவுதான்: தருணின் விதைப்பை கிழிந்திருந்தது. உள்ளே இருக்க வேண்டியது வெளியே தெரிந்தது.

சமையலறைக்கு ஓடினேன். எங்கள் வீட்டில் ரத்தம் என்றால் காப்பித்தூள். முழங்கால் சிராய்ப்பா, காப்பித்தூள். அரிவாள்மனை விரலைப் பதம் பார்த்ததா, காப்பித்தூள். டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு வாசலுக்கு வருகிறேன்.

"தூள் போடாதீங்க! சார்! கையை எடுங்க! தூள் போடாதீங்க!"

வாசலில் ஸ்பீக்கர் இறக்கிக்கொண்டிருந்த பஷீர் பாய் பெட்டியைப் போட்டுவிட்டுப் பாய்ந்தார். என் கையைத் தட்டிவிட்டார். தூள் முழுக்க என் முகத்தில். ஆஸ்பத்திரி வரைக்கும் நான் முதல் டிகாக்‌ஷன் மாதிரி மணந்துகொண்டே போனேன்.

"எம் பொண்ணு முட்டியில நானும் போட்டேன் சார். ஒவ்வொரு துணுக்கா எடுத்தாங்க. டாக்டர் என்னைத் திட்டினதுல நான் பாதியாயிட்டேன். சுத்தத் துணி குடுங்க. அமுக்கிப் புடிங்க. ஏறுங்க!"

ஆட்டோவிலிருந்து சுமதிக்குப் போன். அவள் கைலாசபுரத்தில் தோழி வீட்டு வளைகாப்பில் இருந்தாள்.

"ஒண்ணுமில்ல சுமதி. லேசா அடி. பதறாத. உடனே வா. கிளம்பிட்டியா? ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல, ஓடி வா!"

அவள் ஒன்றுதான் கேட்டாள். "எந்த ஆஸ்பத்திரி?"

பதினொன்று நான்கு. ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம். அங்கே இருந்தவர்கள்மேல் ஒரு குறையும் இல்லை. நடந்ததெல்லாம் என்னால் நடந்தது.

வாசலில் ஆட்டோவை நிற்க விடவில்லை. பஷீர் பாய் தன் காக்கிச் சட்டையைக் கழற்றித் தருணின் மேல் போர்த்தினார். "நீங்க உள்ள போய் சொல்லுங்க. நான் வண்டியைப் போட்டுட்டு வெளிய நிக்கிறேன்." பனியனோடு போனார்.

சொல்லுங்க என்றார். அவ்வளவுதான் வேலை. சொல்வது.

கூடம் நிறைய ஆட்கள். கவுண்டரில் ஒரு சிஸ்டர். வரிசையில் எனக்கு இரண்டு பேர் தள்ளி சம்பத் மாமா நிற்கிறார். எங்கள் பக்கத்துத் தெரு. அடுத்த வாரம் அவர் பெண்ணுக்குக் கல்யாணம், என்னுடைய மைக் செட். அவர் காதில் விழுந்தது வெள்ளைக் கோபுரத்திலிருந்து ராஜகோபுரம் வரை போய்விடும். வெண்கலக் குரல். ஒலிபெருக்கி தேவைப்படாத ஒரே வாடிக்கையாளர்.

"என்ன பிரச்சினை சார்?" என்றார் சிஸ்டர்.

வாயைத் திறந்தேன். பத்தாயிரம் பேர் கூட்டத்தில் பேசிய வாய். சொல் வரவில்லை. எங்கள் வீட்டில் அதற்குச் சொல்லே கிடையாது. எட்டு வருடம் பையனைக் குளிப்பாட்டியிருக்கிறேன். கைக்குக் கை, காலுக்குக் கால், அதற்கு மட்டும் "அங்க". தெருவில் சொல்லும் சொல்லைக் கவுண்டரில் சொல்ல முடியாது. டாக்டர்கள் சொல்லும் சொல் அப்போது நினைவுக்கு வரவில்லை. மாமா திரும்பிப் பார்க்கிறார்.

"வயித்து வலி," என்றேன்.

"அடி ஏதும் பட்டுச்சா?"

"லேசா. கீழ்… வயித்துல."

"வாந்தி? மயக்கம்?"

"எனக்கா?"

சிஸ்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். எழுதினார். டோக்கன் கொடுத்தார். "உக்காருங்க, கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தேன். துண்டில் ரத்தம் தெரியும் பக்கத்தை உள்ளே மடித்தேன். நான்தான் மடித்தேன். மேலே காக்கிச் சட்டை. யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிகத் திறமையாக மறைத்தேன். ஒரு டாக்டருக்குக்கூடத் தெரியாத அளவுக்கு.

பதினொன்று பதினைந்து. மாமா பக்கத்தில் வந்து உட்காருகிறார்.

"என்னடாப்பா, குழந்தைக்கு?"

"வயித்து வலி மாமா."

"நேத்து எங்காத்துப் புளியோதரையோ?"

"இல்ல மாமா."

"சுக்குக் கஷாயம் போட்டுக் குடு. ரங்கன் பார்த்துப்பன்."

"சரி மாமா."

நான் ஒரு ஜோக்கும் சொன்னேன். கல்யாணத்தில் நாதஸ்வரத்தை விட உங்கள் குரலுக்குத்தான் வால்யூம் குறைக்க வேண்டும் என்று. மாமா சிரித்தார். துண்டின் மடிப்பை இன்னும் உள்ளே தள்ளினேன்.

பதினொன்று முப்பது. தருண் கண்ணை மூடுகிறான். உதடு வெளுத்திருக்கிறது. கூடத்து ஸ்பீக்கரில் பெயர்கள் அழைக்கப்படுகின்றன. எர்த் சரியில்லை. ம்ம்ம் என்று ஒரு இரைச்சல். எங்கள் பெயர் வரவில்லை. வயிற்று வலிக்கு எதற்கு அவசரமாக வரும்?

பதினொன்று நாற்பத்து நான்கு. தருண் கண்ணைத் திறந்தான். மெதுவாகப் பேசினான். அந்த இரைச்சலிலும் ஒவ்வொரு எழுத்தும் கேட்டது.

"அப்பா. எனக்கு வயிறு வலிக்கல."

"தெரியும்டா."

"அப்புறம் ஏம்ப்பா வயிறு வயிறுன்னே சொல்றீங்க? நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

எழுந்தேன். டோக்கன் விழுந்தது. மைக் இல்லை. தேவைப்படவில்லை.

"சிஸ்டர்! வயித்து வலி இல்ல! நான் சொன்னது பொய்! விதை நசுங்கியிருக்கு! என் பையனுக்கு விதை நசுங்கி, பை கிழிஞ்சு, ரத்தம் கொட்டுது! யாராவது வாங்க!"

உண்மையில் நான் கத்தியது வேறு சொல். மகன் அடித்த இரண்டு இடங்களில் இது ஒன்று. கூடம் முழுக்க அமைதி. இரண்டு விநாடி. மூன்றாவது விநாடி ஒரு வெண்கலக் குரல்.

"வழி விடுங்கோ! குழந்தைக்கு அடி பட்டிருக்கு! வழி விடுங்கோ! ஸ்ட்ரெச்சர் எங்க?"

சம்பத் மாமா. வேட்டியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் ஓடுகிறார். நான் யாருக்குப் பயந்து பொய் சொன்னேனோ அவர். ஸ்ட்ரெச்சர் உள்ளே போனதும் மூச்சு வாங்கத் திரும்பினார். குரலைத் தணித்தார். அவருக்குத் தணிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

"இதுக்கா வெட்கப்பட்டே, அசடு? எனக்கு விரைவீக்கம். மூணு வருஷமா. நானும் வயித்து வலின்னுதான் டோக்கன் வாங்கிண்டு உக்காந்திருக்கேன்."

குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்யும் டாக்டர் வந்தார். சின்ன உருவம். என் தோள் உயரம். என்னிடம் பேசவில்லை. முதலில் தருணிடம்.

"நான் டாக்டர். பார்க்கலாமா? அப்பா இங்கேயே நிப்பார். வேணாம்னா வேணாம்னு சொல்லு."

அவன் தலையாட்டினான். அவர் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இது விதைப்பை. இதுல கிழிசல் இருக்கு. உள்ள இருக்கிற விதைக்கும் அடி பட்டிருக்கு. நான் கழுவித் தைக்கப் போறேன். நீ தூங்கிடுவே. உன்மேல ஒரு தப்பும் இல்ல."

எவ்வளவு சுலபம். காது, மூக்கு, விதைப்பை. அவர் சொன்னதும் தருணின் கை என் சட்டையை விட்டது. நாற்பது நிமிடமாகப் பிடித்துக்கொண்டிருந்தான்.

ஸ்கேன். சுமதி ஓடி வருகிறாள். பட்டுப்புடவை, வளைகாப்பு வளையல், காலில் யாருடைய செருப்போ. டாக்டர் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொன்னார். விதையைச் சுற்றி வெள்ளையாக ஒரு கெட்டியான உறை உண்டு. இடது பக்கம் அந்த உறை வெடித்திருக்கிறது. உள்சதை பிதுங்கியிருக்கிறது. திறந்து கழுவ வேண்டும். செத்துப்போன சதையை வெட்டிவிட்டு உறையைத் தைக்க வேண்டும். தைக்க ஒன்றும் மிஞ்சாவிட்டால் அந்த விதையையே எடுத்துவிட வேண்டும். வலது பக்கம் நன்றாக இருக்கிறது.

"கையெழுத்துப் போடுங்க."

போட்டேன். பேங்க்கில் கொடுத்தால் ஆளைப் பிடித்து உள்ளே வைப்பார்கள். அப்படி ஒரு கையெழுத்து.

"டாக்டர்… நாளைக்கு… கல்யாணம், குழந்தை…"

"மூணாம் கிளாஸ்தானே சார்? முதல்ல பெருக்கல் வாய்ப்பாடு வரட்டும்." பிறகு என் முகத்தைப் பார்த்துச் சற்று நிதானமாக, "ஒண்ணு நல்லா இருந்தாலே அதுக்குப் போதும். ஆனா ரெண்டையும் காப்பாத்தத்தான் போறேன். அதான் அவசரப்படறேன்."

மயக்க டாக்டர் வந்தார். கடைசியாக எப்போது சாப்பிட்டான்? இந்தத் தடவை எதையும் மடித்து வைக்கவில்லை.

"ஒன்பதே காலுக்கு நாலு இட்லி. அஞ்சாவதுல பாதி. பத்து மணிக்கு என் டபராவுலேர்ந்து ரெண்டு வாய் காப்பி."

"காப்பியா?" என்றாள் சுமதி.

"சொன்னது நல்லதாப் போச்சு," என்றார் மயக்க டாக்டர். "வயிறு நிறைய இருந்தா மயக்கம் குடுக்கிற முறையே வேற." அன்றைக்கு முதன்முதலாக வயிறு உண்மையிலேயே சம்பந்தப்பட்டது.

பன்னிரண்டு முப்பத்தெட்டு. கதவு மூடியது. மேலே சிவப்பு விளக்கு.

நடக்கிறேன். ஜன்னல் வரை முப்பத்தொரு தரைக்கல். திரும்பி வந்தால் முப்பது. மறுபடி எண்ணுகிறேன். இருபத்தொன்பது. ஸ்பீக்கர் ம்ம்ம் என்கிறது. அந்த ம்ம்ம் என் பல்லுக்குள் இருக்கிறது. நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினேன். ஒயரைத் தொட்டேன்.

"சார்! இறங்குங்க! யாரு சார் நீங்க? ஷாக் அடிக்கும், இறங்குங்க!" செக்யூரிட்டி.

"எர்த் லூசா இருக்கு. டேப் இருக்கா?" என்றேன். கேட்டதும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. டேப்.

இறங்கினேன். சுமதி நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்க. ஒரு தடவையாவது சும்மா உக்காருங்க."

உட்கார்ந்தேன். கைப்பிடி ரப்பரைப் பற்றி அவள் சொல்வாள் என்று காத்திருந்தேன். மூன்று வாரம் சொன்னவள். சொல்ல எல்லா உரிமையும் உள்ளவள். சொல்லவில்லை. வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டாள். கிளிங். கிளிங். பதினோரு கிளிங். அவள் என்னைத் திட்டியிருக்கலாம்.

இரண்டு பதினேழு. விளக்கு அணைந்தது.

டாக்டர் முகமூடியைக் கீழே இழுத்தார். "விதை இருக்கு. ரத்த ஓட்டமும் இருக்கு. கால்வாசி செத்துப் போயிருந்தது. வெட்டிட்டேன். மீதிக்கு உறையை இழுத்துத் தச்சுட்டேன். பையையும் தச்சாச்சு. சின்னக் குழாய் ஒண்ணு ரெண்டு நாள் இருக்கும். ஆறு வாரம் கழிச்சு ஸ்கேன்ல பார்த்தாத்தான் நிச்சயமாச் சொல்ல முடியும்."

நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

"டாக்டர். நான் நாற்பது நிமிஷம் வயித்து வலின்னு உக்காந்திருந்தேன். அந்தக் கால்வாசி… அதுனாலதானா?"

இல்லை என்று சொல்வார் என்று நினைத்தேன். அப்பாக்களிடம் அப்படித்தானே சொல்வார்கள்.

"தெரியாது," என்றார். "அடி பட்டப்பவே போயிருக்கலாம். அப்புறம் போயிருக்கலாம். பிரிச்சுச் சொல்ல யாராலயும் முடியாது. வலி மாத்திரை எழுதித் தரேன். பையனுக்கு." நாலடி போய்த் திரும்பினார். "உங்க குரல் ஆபீஸ் ரூம் வரைக்கும் கேட்டது சார். அந்தச் சத்தத்தை வந்தவுடனே போட்டிருக்கலாம்."

இன்னொரு அப்பா வந்தவுடனே போடட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஆறு வாரம். அதில் நான் தூங்கியதைச் சேர்த்தால் ஒரு வாரம் வரலாம். பாலத்தைத் தாண்டி மறுபடி அதே ஆட்டோ. அதே கவுண்டர். அதே சிஸ்டர். எனக்கு முன்னால் வரிசை நகர்ந்தது. வீட்டிலேயே பழகிக்கொண்டு போயிருந்தேன். வாயைத் திறந்தேன். அதற்குள் கவுண்டர் விளிம்பில் இரண்டு கை முளைத்தது. எம்பி நின்றுகொண்டு தருண் சொன்னான். மைக் செட் வைத்திருப்பவன் மகன். குரல் அப்படியே.

"இடது விதையில ஆபரேஷன். ஸ்கேன் எடுக்க வந்திருக்கோம்."

யாரும் சிரிக்கவில்லை. முன்பே டோக்கன் வாங்கி நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் மட்டும் தன் கையில் இருந்த டோக்கனை ஒரு முறை பார்த்தார். மெல்ல எழுந்து கவுண்டர் பக்கம் திரும்பி வந்தார்.

ஸ்கேனில் ரத்த ஓட்டம் இருந்தது. அந்த மெஷினில் அதைக் கேட்கவும் முடியும். உஷ். உஷ். உஷ். என் தொழிலில் இரைச்சல் என்று வடிகட்டிவிடும் சத்தம். இன்னும் கொஞ்சம் வையுங்கள் என்று கேட்டேன். வைத்தார்கள்.

போர் முடிந்தால் இழப்புக் கணக்கு எடுப்பார்கள். என் கணக்கு.

ஆட்கள்: யாரும் இல்லை.

சைக்கிள், ஒன்று. பழைய இரும்புக்கடைக்கு நானே தூக்கிப் போனேன். துண்டு, ஒன்று. பஷீர் பாயின் காக்கிச் சட்டை, ஒன்று. புதிது எடுத்துக் கொடுத்தேன், அளவு பெரிது, அதையே போட்டுக்கொண்டு திரிகிறார். காப்பித்தூள், ஒரு பிடி. அந்த டப்பா இப்போது மேல் பரணில் இருக்கிறது. கறுப்பு டேப்மேல் இருந்த நம்பிக்கை, முழுதாக.

இடது விதை, கால் பங்கு.

நிமிடம், நாற்பது. அவை தருணுடையவை. செலவழித்தது நான்.